காலை அவசரத்தில் மேக்கப்: வாசகியர் கேள்வி – பதில்

காலை எட்டு மணிக்குள் மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும். மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், பிரைமர், பவுண்டேஷன், கன்சீலர், பவுடர், கண் மை, லிப்ஸ்டிக் என்று போட்டு முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. பத்து நிமிடத்துக்குள் முடிக்க வழி உண்டா?
– வங்கி ஊழியர், தாம்பரம்

உண்டு. எட்டு நிமிடமே தாராளம். உண்மையில் பூசுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. போட்டது காய்வதற்குக் காத்திருப்பது, பென்சிலைத் தேடுவது, கோணலாகிப் போனதைத் துடைத்துத் திரும்பப் போடுவது, இந்த மூன்றும்தான் உங்கள் அரை மணியைத் தின்கின்றன.

காத்திருப்பதை வேறு வேலைக்குள் ஒளித்துவிடலாம். குளித்து முகம் துடைத்த கையோடு சன்ஸ்கிரீனைப் போட்டுவிடுங்கள். பிறகு உடை மாற்றுவது, தலை வாருவது, டிபன் பாக்ஸ் கட்டுவது எல்லாம் நடக்கட்டும். ஏழெட்டு நிமிடம் கழித்துக் கண்ணாடி முன்னால் உட்காரும்போது சன்ஸ்கிரீன் படிந்திருக்கும், குளித்த சூட்டில் வரும் வியர்வையும் அடங்கியிருக்கும். வெந்நீரில் குளித்தவுடன் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்பது அந்த வியர்வையால்தான். கடைசிச் சொம்பு முகத்துக்குப் பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். மேக்கப் போடும்போது மின்விசிறி ஓடட்டும். சருமம் எண்ணெய்ப் பசையாக இருந்தால் சென்னை வெக்கையில் காலை நேரத்துக்குத் தனி மாய்ஸ்சரைசர் வேண்டாம், சன்ஸ்கிரீனே போதும். பவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமரைக் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பவுண்டேஷன். முகம் முழுக்கப் பூசுவதால்தான் நேரமும் போகிறது, பூச்சும் தெரிகிறது. நிறம் சீராக இல்லாத இடங்கள் பெரும்பாலும் நான்குதான்: மூக்கின் இரு பக்கம், உதட்டோரம், கண்ணடி, பரு வடு. ஒரு பட்டாணி அளவு எடுத்துப் புறங்கையில் வைத்து, மோதிர விரலால் அந்த இடங்களில் மட்டும் தொட்டுத் தட்டுங்கள். ஓரங்களை வெறும் விரலால் தட்டிக் கலைத்துவிட்டால் பூசிய இடம், பூசாத இடம் என்று வித்தியாசம் தெரியாது. விரலின் சூட்டில் கிரீம் இளகிப் படியும் என்பதால் அவசரத்துக்குப் பிரஷ்ஷைவிட விரலே மேல். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கருமையை மறைக்கும் கன்சீலர் தனியாக வேண்டுமென்றால் மிளகளவு, கண்ணின் உள்மூலையில் மட்டும்.

பிறகு லிப்ஸ்டிக்கையே ஒரு புள்ளி கன்னத்தில் தொட்டுத் தட்டிவிடுங்கள். பவுடர் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். கிரீம் வகை எல்லாம் முதலில், பவுடர் வகை பின்னால். இந்த வரிசை மாறினால் பவுடர் கட்டிகட்டும், அதைத் துடைக்கப் போய் கீழே உள்ளதும் வந்துவிடும். புருவத்துக்கு ஒரு நிமிடம். முன்பாதியை விட்டுவிட்டு, முடி குறைவாக உள்ள வால்பகுதியை மட்டும் நிரப்பினால் போதும். கண்ணுக்கு இரண்டு நிமிடம். காம்பாக்ட் பவுடரை நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றிலும் மட்டும் ஒற்றுங்கள், அரை நிமிடம். உதடு, பொட்டு, முடிந்தது.

தேடுவதை நிறுத்த, அன்றாடம் போடும் ஏழெட்டுப் பொருள்களை மட்டும் ஒரு சின்னத் தட்டில் போடும் வரிசைப்படியே வையுங்கள். பண்டிகை லிப்ஸ்டிக், மினுக்கு ஐ ஷேடோ எல்லாம் வேறு டப்பாவுக்குப் போகட்டும். பென்சில் சீவும் வேலை முந்தைய ராத்திரிக்கு. கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி மாட்டுங்கள். குளியலறை மஞ்சள் பல்பில் போடுகிறவர்கள் எப்போதும் ஒரு கை கூடுதலாகவே போடுவார்கள். வெளியே வந்து பார்த்துத் துடைக்க ஐந்து நிமிடம்.

சன்ஸ்கிரீன் மேல் பவுண்டேஷன் போட்டால் அழுக்குத் திரட்டிய மாதிரி உருண்டை உருண்டையாக வருகிறது. முகம் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சன்ஸ்கிரீனைக் குறைத்துவிடலாமா?
– ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்

அதை மட்டும் குறைக்காதீர்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்கு. அதில் பாதி போட்டால் டியூபில் எஸ்.பி.எஃப். என்று அச்சிட்டிருக்கும் வெயில் பாதுகாப்பு அளவு உங்களுக்குக் கிடைக்காது.

உருண்டை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அடுக்கு அதிகமாவதுதான். டோனர், வைட்டமின் சி சீரம், நியாசினமைடு சீரம், ஜெல் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் சன்ஸ்கிரீன் என்று ஐந்து அடுக்கு போட்டால், ஜெல்லிலும் சீரத்திலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் பாலிமர்கள் சருமத்தின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். அதன் மேல் விரலைத் தேய்த்தால் படலம் உரிந்து சுருண்டு வரும். இரண்டாவது காரணம் பொருந்தாத ஜோடி. பட்டியலில் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் டைமெத்திகோன், அல்லது ‘சிலோக்சேன்’ என்று முடியும் பெயர் இருந்தால் அது சிலிக்கோன் வகை. அதன் மேல் தண்ணீர் அதிகமுள்ள பவுண்டேஷன் சில சமயம் ஒட்டாமல் வழுக்கும். மூன்றாவது, காயும் முன்பே தேய்ப்பது.

உங்களுடையது இதில் எது என்று கண்டுபிடிக்க முகத்தைப் பணயம் வைக்க வேண்டாம். ராத்திரி சாவகாசமாக, முழங்கையின் உள்பக்கத்தில் சன்ஸ்கிரீனை மட்டும் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். அதன் மேல் பவுண்டேஷனைத் தட்டி, பிறகு லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அங்கேயும் உருண்டால் ஜோடி சரியில்லை, இரண்டில் ஒன்றை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கையில் ஒழுங்காக இருந்து முகத்தில் மட்டும் உருண்டால், அடியில் போடும் சீரமும் ஜெல்லும்தான் குற்றவாளி. அவற்றை ராத்திரிக்கு மாற்றிவிடுங்கள். காலையில் ஒரு நிமிடம் மிச்சமும்கூட.

சன்ஸ்கிரீனை ஒரே தடவையில் அப்பாமல் ஒரு விரல் அளவு பூசி, அது ஊறியதும் அடுத்த விரலைப் பூசினால் சீக்கிரம் படியும். பவுண்டேஷனை இழுக்காதீர்கள், தட்டுங்கள், அல்லது ஈர ஸ்பான்ஜால் ஒற்றுங்கள். ஸ்பான்ஜை நனைத்து, துண்டில் சுற்றிப் பிழிந்து, கையில் தண்ணீர் ஒட்டாத பதத்தில் எடுக்க வேண்டும். சொட்டச் சொட்ட எடுத்தால் அது பூசுவதற்குப் பதில் கழுவிவிடும். ஒருநாள் காலையில் உருண்டு வந்துவிட்டால் மேலே இன்னும் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். உலர்ந்த பெரிய பிரஷ்ஷால் உருண்டைகளைத் தட்டிவிட்டு, காம்பாக்ட்டை மட்டும் ஒற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொரு யோசனை: நிறம் கலந்த சன்ஸ்கிரீன். பவுண்டேஷன் தேவையே பலருக்கு அதோடு போய்விடுகிறது. அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு, வெயிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், மங்கு உள்ளவர்களுக்குச் சாதா சன்ஸ்கிரீனைவிட நல்லது.

ஐலைனர்தான் என் எதிரி. ஒரு கண் சரியாக வந்தால் இன்னொன்று தடிக்கிறது. அதைச் சரிசெய்தால் இது மெல்லிசாகத் தெரிகிறது. மாற்றி மாற்றித் தடித்துக் கடைசியில் நாட்டியத்துக்குக் கிளம்பிய மாதிரி ஆகிவிடுகிறது.
– கல்லூரி மாணவி, திருச்சி

ஒரு கண்ணை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் தப்பு. இரண்டையும் படிப்படியாக, மாற்றி மாற்றிப் போட வேண்டும். இடக்கண்ணில் நடுவிலிருந்து வெளி ஓரம் வரை ஒரு மெல்லிய கோடு. உடனே வலக்கண்ணில் அதே கோடு. பிறகு உள்மூலையிலிருந்து நடுவரை, இரண்டிலும். தடிமன் கூட்டுவதென்றால் அதுவும் இரண்டிலும் ஒரே சமயத்தில். எங்கே நிறுத்தினாலும் இரண்டும் சமமாகவே நிற்கும்.

கையை எங்கே ஊன்றுகிறீர்கள் என்று பாருங்கள். நின்றபடி, முழங்கை அந்தரத்தில் தொங்க, நேராகக் கண்ணாடியைப் பார்த்துப் போட்டால் கோடு நடுங்கத்தான் செய்யும். உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றி, சுண்டு விரலைக் கன்னத்தில் பதியுங்கள். கண்ணாடியை மோவாய்க்குக் கீழே வைத்து, கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இமை விரிந்து கிடக்கும். கண் மூடாததால் போடுவதும் தெரியும். இமையை விரலால் இழுத்துப் பிடித்துப் போட்ட கோடு, விட்டவுடன் சுருங்கி வளைந்துபோகும். பலருக்கு வளைவு வருவதற்கு இதைத் தவிர வேறு காரணமே கிடையாது.

அன்றாடத்துக்குத் திரவ லைனரை விட்டுப் பென்சிலுக்கு மாறுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி. கறுப்பைவிடக் கரும்பழுப்பு இன்னும் பாதுகாப்பு, பிசகினாலும் உறுத்தாது. மேல் இமை முடிகளின் வேர்களுக்கு இடையில் புள்ளி புள்ளியாக அழுத்திக்கொண்டே போங்கள். கோடு என்று எதுவும் தெரியாது, முடி அடர்த்தியாக இருப்பதாகத் தெரியும். சமமாக இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்.

கண்ணின் வெளியோரத்தில் வால் வைத்தே தீர வேண்டுமென்றால், திருத்துவதற்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியை, மேக்கப் கலைக்கும் மைசெல்லர் வாட்டரில் நனைத்து, கீழிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. எண்ணெயில் நனைக்காதீர்கள், அந்த இடத்தில் மறுபடி லைனர் பிடிக்காது. ஸ்கெட்ச் பேனா மாதிரி இருக்கும் லைனரை முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். மை வராமல் மக்கர் செய்தால் பெரும்பாலும் முனையில் பவுடரும் சன்ஸ்கிரீனும் அடைத்திருக்கும். டிஷ்யூ தாளில் இரண்டு இழு இழுத்தால் சரியாகிவிடும்.

எல்லோருக்குமே இரண்டு கண்களும் சற்று வேறுபட்டுத்தான் இருக்கும். நம்மை ஒரு கை தூரத்துக்கு அப்பால் நின்றுதான் பிறர் பார்க்கிறார்கள். நீங்களும் அந்தத் தூரத்திலிருந்தே பார்த்து முடிவெடுங்கள்.

காலையில் வைத்த கண் மை பதினொரு மணிக்கெல்லாம் கன்னத்துக்கு இறங்கிவிடுகிறது.
– ஜவுளிக்கடை ஊழியர், வேலூர்

மையில் இருப்பது எண்ணெயும் மெழுகும். வெயிலில் இளகும், சன்ஸ்கிரீனின் எண்ணெய் பட்டால் கரையும், கீழ் இமையின் உள்விளிம்பில் கண்ணீரோடு சேர்ந்து மிதக்கும். ஆகவே உள்விளிம்பை விட்டுவிடுங்கள். முதலில் கண்ணுக்குக் கீழே சன்ஸ்கிரீன் பிசுக்கை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒரு சின்ன பிரஷ்ஷால் கீழ் இமை முடிக்கு அடியில் துளி காம்பாக்ட் ஒற்றுங்கள். அதன் பிறகு வெளிப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் முடியோரமாக மை. மூக்குப் பக்க மூலையில் கண்ணீர் தேங்கும், அங்கே எந்த மையும் நிற்காது. கடைசியாக அதே நிறத்து ஐ ஷேடோவை மையின் மேல் லேசாகத் தட்டினால் மெழுகு பூட்டிக்கொள்ளும்.

நீண்ட நேரம் நிற்கும் ஜெல் பென்சில் அரை நிமிடத்தில் இறுகிவிடும். கோட்டை லேசாகத் தேய்த்துப் பரப்ப வேண்டுமென்றால் ஒரு கண்ணைப் போட்டதும் உடனே தேய்க்க வேண்டும்; இறுகிய பிறகு தேய்த்தால் செதில் செதிலாக உதிரும்.

மையை யாருடனும் பங்கு போடாதீர்கள், அக்கா தங்கையாக இருந்தாலும். மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தால், அந்தச் சமயம் கண்ணில் பட்ட மையையும் மஸ்காராவையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுர்மா வேண்டவே வேண்டாம், பலவற்றில் ஈயம் இருக்கிறது.

பவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். நான் கறுப்பு.
– செவிலியர், மதுரை

உங்கள் நிறத்தைவிட வெளுப்பான ஷேடைக் கடையில் தலையில் கட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் அதன் அடிநிறம் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் சருமம் பெரும்பாலும் மஞ்சள், பொன், ஆலிவ் பக்கம் சாய்ந்தது; கருமை கூடக் கூடச் செம்மையும் சேரும். வெள்ளை நிறமியான டைட்டானியம் டையாக்சைடு அதிகமுள்ள ஷேடைக் கருஞ்சருமத்தில் போட்டால் சாம்பல்தான் மிஞ்சும்.

வாங்கும்போது மணிக்கட்டில் தடவிப் பார்ப்பதால் பயனில்லை. தாடையோரத்தில் மூன்று ஷேடுகளைக் கோடு கோடாகத் தடவி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். எது கழுத்தோடு சேர்ந்து காணாமல் போகிறதோ அது உங்களுடையது. உடனே முடிவெடுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சில பவுண்டேஷன்கள் காற்றும் சருமத்து எண்ணெயும் பட்டு அரை ஷேடு கறுக்கும். முன்பே வாங்கிவிட்ட பாட்டிலை வீணாக்க வேண்டாம், அதே வகையில் இரண்டு ஷேடு கருமையானதைச் சின்ன அளவில் வாங்கிக் கலந்துகொள்ளலாம். மாய்ஸ்சரைசர் கலந்தால் பூச்சு மெலியுமே தவிர நிறம் மாறாது.

கண்ணடிக் கருவளையத்தை வெளுப்பான கன்சீலரால் மூடப் பார்ப்பதும் சாம்பலுக்கு ஒரு காரணம். முதலில் கருமையைச் சமன்செய்யும் ஆரஞ்சு நிற கரெக்டர், மிளகில் பாதி, கருமை உள்ள இடத்தில் மட்டும். மாநிறத்துக்கு இளம் ஆரஞ்சு போதும், கறுப்புக்கு நல்ல ஆரஞ்சே வேண்டும். அதன் மேல் உங்கள் நிறத்துக் கன்சீலரை ஒரு படலம் தட்டினால் முடிந்தது. வெள்ளை டால்கம் பவுடரை மேலே அடிக்காதீர்கள், இவ்வளவு நேரம் பட்ட பாடு அத்தனையும் வீண்.

ஸ்டிக்கர் பொட்டு மத்தியானத்துக்குள் விழுந்துவிடுகிறது. ஒட்டும் இடத்தில் அரிப்பும், கொஞ்சநாளாக வெளிறிய புள்ளியும் இருக்கிறது.
– இல்லத்தரசி, கும்பகோணம்

விழுவதைப் பிறகு பார்க்கலாம், புள்ளிதான் முக்கியம். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் சருமத்தின் நிறமிச் செல்களைப் பாதிக்கும். முதலில் அரிப்பு, பிறகு பொட்டின் வடிவத்திலேயே வெள்ளை. இன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு, சரும மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. பொட்டை இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டுவது தீர்வாகாது, அங்கேயும் அதேதான் நடக்கும். சாந்து, குங்குமம் ஆகியவற்றின் சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அரிப்பு இல்லாமல் வெறுமனே விழுகிறது என்பவர்களுக்கு: அடியில் சன்ஸ்கிரீனும் தலை எண்ணெயும் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. பொட்டளவு இடத்தை டிஷ்யூவால் துடைத்து, துளி பவுடர் ஒற்றி, உபரியைத் தட்டிவிட்டு, பொட்டை வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

புடவை கட்டிவிட்டு மேக்கப்பா, மேக்கப் போட்டுவிட்டுப் புடவையா?
– பள்ளி ஆசிரியை, திண்டிவனம்

ரவிக்கை, பாவாடை போட்டபின் மேக்கப், கடைசியில் புடவை. லிப்ஸ்டிக் மட்டும் புடவை கட்டி முடித்த பிறகு. முந்தானையைத் தோளில் போட்டுப் பின் குத்தும்போது உதடு உரசும், பட்டில் பட்டால் எளிதில் போகாது. தலைவழியாகப் போடும் சுடிதார் என்றால் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

மூக்குக்கண்ணாடி அழுத்தும் இடத்தில் பவுண்டேஷன் கழன்று இரண்டு வட்டம் தெரிகிறது.
– நூலகர், நாகர்கோவில்

அந்த இரண்டு இடத்திலும் பவுண்டேஷனே போடாதீர்கள். சன்ஸ்கிரீன், அதன் மேல் துளி பவுடர், அவ்வளவுதான். கண்ணாடியின் மூக்குத் தாங்கிகளைத் தினமும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், வட்டத்துக்குப் பாதிக் காரணம் அதில் சேரும் எண்ணெய். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும் என்பதால் மை ஓரளவு தாராளமாக இருக்கலாம். வெள்ளெழுத்துக் கண்ணாடியும் தூரப்பார்வைக் கண்ணாடியும் பெரிதாகக் காட்டும். கொஞ்சம் கோணினாலும் பளிச்சென்று தெரியும், அடக்கமாகப் போடுங்கள்.

ராத்திரி அலுத்து வந்து மேக்கப்பைக் கலைக்கப் பொறுமை இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதுமா?
– தனியார் நிறுவன ஊழியர், சேலம்

மேக்கப் கரையும், சந்தேகமில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. ஒரு படலம் தங்கிவிடும். பரு வரும் சருமத்தில் அது துளையை அடைக்கும், மறுநாள் காலை மேக்கப்பும் வழுக்கும். கிளென்சிங் ஆயில் அல்லது கிளென்சிங் பாம் (தைலம் போலக் கெட்டியானது) என்று விற்பதில் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். உலர்ந்த கையால் உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தேயுங்கள். பிறகு கையை நனைத்துத் தேய்த்தால் பால் மாதிரி வெளுக்கும்; அப்போது கழுவிவிட்டு, வழக்கமான ஃபேஸ் வாஷ். கையோ முகமோ ஈரமாக இருந்தால் ஆரம்பத்திலேயே வெளுத்துவிடும், மேக்கப் கரையாது. அது வேலை செய்யவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இது.

வாட்டர்ப்ரூஃப் மைக்கு முதலில் ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய கண்ணில் இருபது விநாடி வையுங்கள். பிறகு கீழ்நோக்கி ஒரு துடைப்பு. ராத்திரி மிச்சம் வைத்த மைதான் காலையில் கருவளையமாகத் தெரிந்து, அதை மறைக்கக் கூடுதலாக மூன்று நிமிடம் கேட்கிறது.

பிரஷ், ஸ்பான்ஜ் எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? மஸ்காரா எப்போது தூக்கிப் போட வேண்டும்?
– மாணவி, தூத்துக்குடி

ஈரப் பொருள்களுக்கான பிரஷ்ஷும் ஸ்பான்ஜும் வாரம் ஒருமுறை, பவுடர் பிரஷ் மாதம் இருமுறை. குழந்தை ஷாம்பு நாலு சொட்டுப் போதும். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்துக் கழுவுங்கள், கைப்பிடிப் பக்கம் தண்ணீர் போனால் பசை விட்டு முடி கொட்டும். மேசை ஓரத்தில் முடி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஈர ஸ்பான்ஜை மூடிய டப்பாவில் போடவே கூடாது, இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். மஸ்காராவுக்கு ஆயுள் மூன்று மாதம். கெட்டியாகிவிட்டதென்று தண்ணீர் விடாதீர்கள், கிருமிக்கு அதுவே சாப்பாடு.

நேரமே இல்லாத நாளில் பஸ்ஸில் போட்டுக்கொள்ளலாமா?
– பயிற்சி வழக்கறிஞர், செங்கல்பட்டு

லிப்ஸ்டிக், காம்பாக்ட், கன்னத்துக்கு ஒரு புள்ளி, எல்லாம் சரி. கண்ணுக்கு மட்டும் எதுவும் வேண்டாம். டிரைவர் ஒரு பிரேக் போட்டால் பென்சில் முனை கருவிழியைக் கீறிவிடும். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் மையை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள், மற்றதை நீதிமன்ற வளாகத்தில் இறங்கிய பிறகு இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். பையில் நான்கு டிஷ்யூ இருக்கட்டும். வியர்வையை ஒற்றி எடுக்காமல் அதன் மேலேயே காம்பாக்ட் போட்டால் மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும்.